காலில் விழுந்து பார்த்த மோதிரம்

நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கல்லைப் பார்ப்பார்கள். அப்புறம் விலை. விரலைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். நான் விரலை முதலில் பார்க்கிறவன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘மோதிரக் கலியன்’ என்று கேட்டால் பூக்காரம்மா முதல் ஆட்டோக்காரர் வரை கை காட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்கிறான் என்று யாராவது நினைத்தால் தப்பில்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கலியபெருமாள் பெருமைப்பட்டுக்கொள்ள எதையாவது சம்பாதித்திருக்க வேண்டாமா? சம்பாதித்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த கடையில் இப்போது ஒரு திரை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் கையை நீட்டினால், நம் விரலில் மோதிரம் ஏறியது போலவே தெரிகிறது. மாணிக்கம் வேண்டுமென்றால் மாணிக்கம், வைரம் வேண்டுமென்றால் வைரம். நானும் நீட்டிப் பார்த்தேன். வாயைப் பிளந்துவிட்டேன். அருமையான கருவி, குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

“இதைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சா கழண்டு விழுமா விழாதான்னு இந்தப் பெட்டி சொல்லுமாம்மா?”

முதலாளியின் மகள்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். விழுந்து விழுந்து சிரித்தார். “அந்தக் கதையத்தான் கலியப்பா எழுதிக் குடுங்கன்னு கேக்கறேன். கடை மலர்ல போடணும்.”

“எனக்கு எழுத்து கோழி கிண்டுன மாதிரி வரும்மா.”

“நீங்க கிண்டுங்க. நாங்க பொறுக்கிக்கறோம்.”

கிண்டியிருக்கிறேன்.

நான் பிறந்தது விக்கிரமங்கலத்தில், கிழக்குத் தெருவில். எங்கள் தெரு ஜனங்களுக்கு அடுத்தவர் வயலில்தான் வேலை. அறுப்பு இருந்தால் கூலி, இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணி. நகை என்றால் கவரிங் தோடு. நகைக்கடைப் படியேற எங்கள் ஆட்கள் அவ்வளவு யோசிப்பார்கள். உள்ளே போய் வாங்கியவர்களே குறைவு. உள்ளே நின்று விற்றவன் நான்தான் முதல் ஆள். அரியலூரில் ஒரு பத்தர் பட்டறையில் கரி ஊதினேன், அவர் திட்டியதையெல்லாம் பாடமாக எடுத்துக்கொண்டேன். மீசை அரும்பும்போது பெரம்பலூர்க் கடைக்கு வந்தேன். கூட்டினேன், பெருக்கினேன், கொலுசுக்கு நின்றேன், மூக்குத்திக்கு நின்றேன், கடைசியில் கல் மோதிரத்துக்கு வந்து சேர்ந்தேன். நான் படித்த படிப்பு இவ்வளவுதான். மீதி எல்லாம் தாவூது பாயிடம் கற்றது.

தாவூது பாய் கல் பகுதிக்குப் பெரியவர். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கல்லை எடுக்கும்போது அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். கடை வாசலுக்குப் பக்கத்தில், தெருவெளிச்சம் விழும் இடத்தில்தான் அவருடைய மேஜை. கறுப்பு வெல்வெட்டில் கல்லை வைக்க மாட்டார். கறுப்பில் வைத்தால் கழுதைக்கும் அழகு வரும் என்பார். வெள்ளைத் தாளை மடித்து, அதன் மடிப்பில் கல்லை உருட்டிவிடுவார். கையால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். முதலில் வெறுங்கண், அப்புறம் லென்ஸ், அப்புறம் மறுபடி வெறுங்கண். “லென்ஸ் குறையைத்தான்டா காட்டும். அழகைக் கண்ணுதான் காட்டும்” என்பார். பார்த்து முடிக்கும் வரை எதிரே இருப்பவர் மந்திரியாக இருந்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இன்னொன்று. பெண்பிள்ளைகள் கையை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அளவு பார்க்கும் வளையக் கொத்தை ஒரு மரத்தட்டில் வைத்து நகர்த்துவார். “நீயே போட்டுப் பாரும்மா. போடும்போது சும்மா இறங்கணும், கழட்டும்போது கொஞ்சம் முறைக்கணும்.” அந்தப் பெண் போட்டுப் பார்க்கிற விதத்திலேயே அளவைச் சொல்லிவிடுவார். அந்த வித்தையை நான் அவரிடமிருந்து திருடினேன். பிறகு அவரைவிட நன்றாகவே செய்தேன். அவரே ஒப்புக்கொண்ட விஷயம்தான்.

எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் நிச்சயத்துக்கு மோதிரம் மாற்றுவது எல்லா வீட்டிலும் கிடையாது. தாம்பூலம் மாற்றினால் முடிந்தது. வீடியோ வந்த பிறகு மோதிரமும் வந்தது. மோதிரம் வந்ததும் கல் வந்தது, கல்லோடு கூடவே சண்டையும் வந்தது. ஜோசியர் ஒரு கல் சொல்வார், மாப்பிள்ளை ஒன்று, அவர் அக்கா ஒன்று. பாய் எல்லாருக்கும் தலையாட்டுவார். நான் ஒருநாள் கேட்டேன், “பாய், நீங்க ஜாதகம் நம்பறீங்களா?”

“நான் கல்லை நம்பறேன். அவங்க நம்பறதைக் கெடுக்கறது என் வேலையில்லை.”

கல்லைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், மோதிரம் எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும். மாணிக்கம் நிஜமாக இருந்தால் உள்ளே நூல் ஓடியது போல ஏதாவது இருக்கும். தண்ணீர் போல சுத்தமான சிவப்பைக் குறைந்த விலைக்குக் கண்டால் கொஞ்சம் யோசி. முத்தும் பவளமும் குளிர்ச்சியான அழகு, ஆனால் புளி கரைக்கிற கைக்கும் துணி துவைக்கிற கைக்கும் தாங்காது. மரகதம் கோபக்காரன், ஒரு இடி இடித்தால் விரிசல் விட்டுவிடும். நீலத்தை ஜோசியரைக் கேட்காமல் எவரும் வாங்க மாட்டார்கள், நீயும் வற்புறுத்தாதே. வைரம் ராஜா. ஆனால் கடுகளவு ராஜாவை வாங்கிவிட்டு, மண்டபத்தில் மூன்றாவது வரிசைக்குத் தெரியவில்லை என்று அழுகிறவர்கள் உண்டு.

அவர்களுக்குத்தான் வெள்ளைக்கல், அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிறார்களே அது. பேர்தான் அமெரிக்கன், பட்டை தீட்டுவது நம் திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில். வீட்டு முற்றத்தில் சக்கரம் போட்டு, குச்சி முனையில் கல்லை ஒட்டி, ஒவ்வொரு பட்டையாகத் தேய்ப்பார்கள். அந்த வேலையைப் பார்த்தவன் எவனும் அதை மட்டமான கல் என்று சொல்ல மாட்டான். இப்போது மொய்சனைட் என்று ஒரு கல் வந்திருக்கிறது, வைரத்தைவிட அதிகமாகத் தீ கக்குகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் வந்திருக்கிறது, அதுவும் வைரம்தான், பிறந்த இடம்தான் வேறு. எல்லாமே அழகு. பாய் ஒன்றில்தான் கறாராக இருந்தார். “பேரை மாத்தி வித்தா ஹராம். பேரைச் சொல்லி வித்தா வெள்ளைக்கல்லும் ராஜாதான்.” முப்பது வகைக் கல் விற்ற எனக்கு அதைவிட நல்ல சட்டம் கிடைக்கவில்லை.

இனி அந்த மோதிரத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் காலையில், கடையில் சாம்பிராணி போட்டு முடித்த நேரம், மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சரவணன், உடையார்பாளையம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், சொந்தமாகப் பொக்லைன் வைத்து ஓட்டுகிறவன். அவனுடைய அம்மா. கூடவே பெண், தமிழரசி, தா.பழூர்க்காரி. பெண் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நான் விரலை முதலில் பார்க்கிறவன் அல்லவா, அதைக் கவனித்துவிட்டேன்.

“புஷ்பராகம் எடுங்க. ஜோசியர் சொல்லிட்டாரு. பொண்ணுக்கு, நடுவிரலுக்கு” என்றார் சரவணனின் அம்மா.

“நிச்சய மோதிரம் வலது கை மோதிர விரலுக்குத்தானேங்கம்மா?” என்றேன்.

“நடுவிரலுக்குன்னா நடுவிரலுக்கு. எடுங்களேன்.”

தமிழரசி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். எடுத்துக் கண்ணாடி மேஜையின் மீது, எங்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால், விரித்து வைத்தாள். வலது கை மோதிர விரல் பாதிதான் இருந்தது. நடுக் கணுவோடு போயிருந்தது. சின்ன வயதில் மாட்டுக்குப் புல் வெட்டும் மிஷினில் கொடுத்த விரல்.

“இந்த விரலுக்குத்தாங்க வேணும்” என்றாள்.

“ஏம்மா, பேசிட்டுத்தானே வந்தோம்?” என்று அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க பேசுனீங்க. நான் சரின்னு சொல்லலியே. நிச்சயத்தன்னைக்கு மறைச்சா கல்யாணத்தன்னைக்கு மறைக்கணும். அப்புறம் வளைகாப்புல மறைக்கணும். எத்தனை நாளைக்கு முந்தானைக்குள்ளயே வச்சிருக்கறது? பாக்கறவங்க எல்லாரும் ஒரே நாள்ல பாத்து முடிச்சிரட்டும்.”

“மாஷா அல்லாஹ்” என்றார் தாவூது பாய். ஒரு பெரிய மாணிக்கம் கைக்கு வந்தபோதுகூட அந்த வார்த்தையை அவர் அவ்வளவு மனதாரச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர். பயம் என்னவென்று சரவணன்தான் சொன்னான். அவனுடைய அப்பாவுக்கு ஒரே அக்கா, செல்லம்மாள். தன் மகளைச் சரவணனுக்குக் கட்டி வைக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ரொம்ப நாள் ஆசை. சரவணன் தமிழரசியைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான்.

“அத்தை ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கு பாய். சபையில மோதிரம் கழண்டு விழுந்தா அபசகுனம், தட்டு மாத்தாம எந்திரிச்சிருவேன்னு. அது எந்திரிச்சா எங்கப்பா எந்திரிச்சிருவாரு. எங்கப்பா எந்திரிச்சா பந்தலே எந்திரிச்சிரும்.”

அதனால்தான் நடுவிரல். இப்போது விஷயம் பாய் மேஜைக்கு வந்துவிட்டது. மோதிரம் நின்றால் கல்யாணம். விழுந்தால் இல்லை.

இதில் என்ன பெரிய கஷ்டம், அளவாகச் செய்தால் நிற்காதா என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். உங்கள் விரலில் இருக்கிற மோதிரத்தைக் கழற்றிப் பாருங்கள். நடுக் கணுவில்தானே முறைக்கும்? மோதிரத்தை விரலில் நிறுத்துவது அந்தக் கணுதான், வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. தமிழரசிக்குக் காவல்காரன் இல்லை. விரல் முள்ளங்கிக் கிழங்கு போல நுனிக்குச் சரிந்துகொண்டு போனது. இறுக்கமாகச் செய்தால் ரத்தம் கட்டும். தளர்வாகச் செய்தால் வழுக்கும். புஷ்பராகமோ உயரமான கல். அதை மேலே தூக்கிப் பிடிக்கிற கொம்பு வைத்துக் கட்டினால் தலையில் குடம் வைத்தது போல மோதிரம் சாயும், சாய்ந்து சாய்ந்து இறங்கும்.

பாய் அதில் எதையும் சொல்லவில்லை. “இந்தக் கையால என்னம்மா வேலை செய்வே?” என்று கேட்டார்.

“எல்லாந்தான். நாத்து நடுவேன், சாணி தட்டுவேன், பூ கட்டுவேன்.”

“பூ கட்டுவியா?”

என்னை அனுப்பி வாசல் பூக்காரம்மாவிடமிருந்து உதிரி மல்லியும் நாரும் வாங்கிவரச் சொன்னார். நகைக்கடை மேஜையில் அந்தப் பெண் பூக்கட்ட உட்கார்ந்தாள். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாய் லென்ஸ் இல்லாமல், கல்லைப் பார்க்கும் அதே மௌனத்தோடு, அந்த அரை விரலையே பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பூவை வைத்து நாரைச் சுற்றும்போது அவளுக்கு அந்தக் குட்டை விரல்தான் முட்டுக்கொடுத்தது. கையை மூடும்போது அடிப்பாகத்தில் சதை இரண்டு பக்கமும் பிதுங்கியது. மேலும் கீழும் பிதுங்கவில்லை.

“பாய், உருண்டையாச் செஞ்சா நிக்காது. பக்கவாட்டுல அகலமா, முட்டை மாதிரி செய்யணும்” என்றேன்.

“அதைத்தான்டா நானும் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லிவிட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

கல் பற்றிப் பேச்சு வந்தது. உயரக் கல் வேண்டாம், பட்டையான வளையத்துக்குள்ளேயே சின்னச் சின்னக் கற்களைப் புதைத்துவிடலாம், எடை சுற்றிலும் சமமாக இருக்கும் என்றார் பாய். அப்படியென்றால் வைரமா, வெள்ளைக்கல்லா?

“வைரத்துக்கு நான் கடன் வாங்கற எடத்துல வாங்கிக்கறேன்” என்றான் சரவணன்.

“வெள்ளைக்கல்லு போதுங்க” என்றாள் தமிழரசி. “வாய்க்கால் சேத்துல விட்டுட்டு வைரத்தைத் தேடிக்கிட்டு நிக்க முடியாது. இவருக்கு டீசல் போடக் காசு மிச்சமாவும்.”

“இப்பவே மிச்சம் புடிக்கறா பாருங்க” என்றான் அவன், யாரும் கேட்காத பெருமையோடு.

அந்த அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஜோசியர் சொன்ன புஷ்பராகம் என்ன ஆவது? பாய் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

பட்டறையிலிருந்து மோதிரம் வந்ததும் மூன்று பேரையும் வரச்சொன்னோம். தமிழரசி போட்டுப் பார்த்தாள். அழகாக உட்கார்ந்தது. பூக்கட்டினாள், நின்றது. டீ குடித்தாள், கும்பிட்டாள், கையை உதறினாள், நின்றது. பாய் “அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சிருச்சு” என்று பெட்டியை எடுத்தார்.

“முடியல பாய்” என்றேன் நான்.

தாவூது பாய் முடிந்தது என்று சொன்ன பிறகு முடியவில்லை என்று சொன்னவன் அதுவரை பிறக்கவில்லை.

“மோதிரம் போட்டதும் என்ன பாய் நடக்கும்? ரெண்டு பேரும் சபையில பெரியவங்க கால்ல வரிசையா விழுவாங்க. கை கீழ போவும், விரல் தரையப் பாக்கும். அதை நாம பாக்கலியே.”

பாய் வீட்டில் காலில் விழுகிற வழக்கம் கிடையாது. அவர் யோசிக்க வழியில்லை. எங்கள் ஜனத்தில் அதுதான் முதல் சடங்கு. பாய் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “சரியாச் சொன்னே. விழச் சொல்லு.”

யார் காலில் விழுவது?

“நிச்சயத்துக்கு முன்னாடி என் கால்ல விழுந்தா முறையாவாதுங்க” என்றார் சரவணனின் அம்மா.

“என் கால்ல வேணா விழட்டும்” என்றான் சரவணன்.

“ஆசையப் பாரு” என்றாள் தமிழரசி.

“எங்கள்ல அது ஆகாதும்மா” என்று பாய் பின்னால் நகர்ந்துவிட்டார். மிச்சம் நின்றவன் நான்.

சரவணனின் அம்மா என்னைப் பார்த்தார். “உங்களுக்கு எந்த ஊரு?”

“விக்கிரமங்கலங்க.”

“விக்கிரமங்கலத்துல எந்தத் தெரு?”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம், நான் சொல்கிறவன் இல்லை. “கிழக்குத் தெருங்க” என்றேன்.

அவர் கைப்பையின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சரவணன் மின்விசிறியைப் பார்த்தான். பாய் மோதிரப் பெட்டியைத் திறந்து மூடினார். என் காலை நானே பார்த்துக்கொண்டேன், செருப்பில்லாமல், கடைத் தரையில், பித்த வெடிப்போடு.

அதற்குள் தமிழரசி விழுந்துவிட்டாள். யார் உத்தரவுக்கும் நிற்கவில்லை. முழங்கால் மடித்து, இரண்டு கையையும் நீட்டி, முறையாக, நிஜமாகவே விழுந்தாள். எங்கள் அப்பன் ஆத்தா, அவர்களுடைய அப்பன் ஆத்தா, எல்லாரும் குனிந்துதான் நடந்தவர்கள். எங்கள் வம்சத்தில், அவர்கள் யார் முன்னால் குனிந்தார்களோ அந்த மாதிரி வீட்டுப் பெண் எங்கள் காலில் விழுந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

‘டிங்’ என்று ஒரு சத்தம். மோதிரம் கழன்று என் கட்டைவிரலில் மோதி உருண்டது.

“ஐயோ, போச்சு” என்று சரவணனின் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தமிழரசி தரையிலிருந்தபடியே மோதிரத்தை எடுத்துத் தூசி ஊதினாள். “நல்லவேளை, இங்கயே விழுந்துச்சு” என்று சிரித்தாள். கண்ணில் மட்டும் சிரிப்பில்லை.

நிச்சயத்துக்கு அதிக நாள் இல்லை. தாவூது பாய் எவ்வளவு பெரிய ஆள் என்று நான் தெரிந்துகொண்டது மறுநாள் காலையில். வந்ததும் தொப்பியைக் கூடச் சரிசெய்யாமல் என்னைக் கூப்பிட்டார். தாளை மடித்து ஒரு கல்லை உருட்டினார். புஷ்பராகம். சின்னது, ஒரு அவரைப் பருப்பில் பாதி. உள்ளே மேகம் போலக் கலங்கல் இருந்ததால் பட்டை தீட்டாமல் குமிழாக, கூழாங்கல் போல வழவழப்பாகத் தேய்த்துவிட்ட கல். மோதிரத்தின் மேலே வைக்க யாரும் வாங்க மாட்டார்கள்.

“மேல வச்சாத்தானே உயரம்? உள்ள வைப்போம்” என்றார்.

வளையத்தின் உள்பக்கம், உள்ளங்கைப் பக்கமாக, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு குமிழ். ஒன்று தங்கக் குமிழ். இன்னொன்று அந்தப் புஷ்பராகம். இரண்டும் பக்கவாட்டுச் சதையில் மெல்ல அழுத்தும். போன கணு செய்ய வேண்டிய வேலையை அவை செய்யும். வழவழப்பாக இருப்பதால் உறுத்தாது. ராசிக்கல் தோலைத் தொட வேண்டும் என்பார்கள், இது தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கலங்கல் யார் கண்ணுக்கும் தெரியாது, விலையும் கம்மி. ஊர் பார்க்க வெளியே வெள்ளைக்கல், விரல் பார்க்க உள்ளே புஷ்பராகம். ஜோசியர், மாமியார், மணப்பெண், டீசல், நாலு பேருக்கும் ஒரே கல்லில் வழி செய்துவிட்டார் மனுஷன். நான் அவரைவிட நன்றாக அளவு பார்ப்பேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அளவு மட்டும்தான்.

பட்டறைப் பத்தர் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார். தமிழரசி மறுபடி வந்தாள். நான் கேட்காமலே போய் நின்றேன். விழுந்தாள். மோதிரம் அசையவில்லை. “நல்லாயிரும்மா” என்றேன்.

சரவணனின் அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “இன்னொரு தரம் விழும்மா. நல்லா கையத் தாழ்த்தி, அவரு கால்லயே விழு” என்றார். அவர் சொன்னதைக் கேட்டு நான் மோதிரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பாய்தான் பார்த்து, “நிக்குது” என்றார்.

நிச்சயம் சிறுவாச்சூரில் ஒரு மண்டபத்தில். எனக்கும் பாய்க்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். செல்லம்மாளை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, வெற்றிலை போடாமல் உட்கார்ந்திருந்தார். சரவணன் மோதிரம் போடும்போது வீடியோக்காரர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். விரலைப் பார்த்ததும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. தமிழரசி கையைத் தாழ்த்தவில்லை. சலசலப்பு முடியும் வரை அப்படியே நீட்டி வைத்திருந்தாள்.

பிறகு காலில் விழுந்தார்கள். முதலில் செல்லம்மாள் காலில். அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். ஆசீர்வாதம் சொல்லவில்லை, எழுந்திரு என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தரையில் கிடக்க, அவர் பார்வை முழுக்க அந்த விரலில் இருந்தது. பாய் உதடு மட்டும் அசைந்தது, ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

“அத்தை, முதுகு புடிச்சுக்கிச்சு. வாழ்த்தறதுன்னா வாழ்த்து” என்றான் தரையில் கிடந்த சரவணன்.

சபையே சிரித்துவிட்டது. செல்லம்மாளுக்கும் வேறு வழியில்லை. குனிந்து தமிழரசியைத் தூக்கினார், அந்த வலது கையையே பிடித்து. தூக்கியவர் விடவில்லை. மோதிரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வரவில்லை. இன்னொரு இழு. வரவில்லை.

“எவன்டா செஞ்சான் இதை?” என்றார்.

சரவணன் கூட்டத்தில் இருந்த என்னைக் காட்டினான். செல்லம்மாள் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு போய் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். தட்டு மாற்றினார்கள்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த முகூர்த்த மாதத்தில் செல்லம்மாளே எங்கள் கடைப் படியேறினார், தன் மகளோடு. மகளுக்கு வேறு நல்ல இடம் அமைந்திருந்தது. நான் வைரம், மாணிக்கம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

“அன்னைக்கு அந்தப் பொண்ணுக்குச் செஞ்சீங்களே, முட்டை மாதிரி, உள்ள கல்லு வச்சு. அது ஒண்ணு போடுங்க.”

“பாப்பாவுக்கு விரல் முழுசா இருக்கேம்மா. இதுக்கு அது தேவையில்லீங்க.”

“இருந்தா என்ன? இவளுந்தான் கால்ல விழணும்.”

பாய் லென்ஸைக் கீழே வைத்தார். மோதிரம் செய்து வந்த அன்று அவர் என் பக்கம் திரும்பி, “கலியா, போய் நில்லு” என்றார். போய் நின்றேன். எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்வி வரும் என்று பதிலை வாயில் தயாராக வைத்திருந்தேன். செல்லம்மாள் மகளின் தோளைத் தட்டி, “பாத்துக்கிட்டு நிக்கற, விழு” என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் கடை வழக்கமாகிவிட்டது. மாணிக்கம் எடுத்தவர்கள், வைரம் எடுத்தவர்கள், வெள்ளைக்கல் எடுத்தவர்கள், எல்லா வீட்டுப் பெண்ணும் மோதிரத்தைப் போட்டு ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவாள். நிற்பதற்கு ஆள் நான். அரியலூர், உடையார்பாளையம், தா.பழூர், எந்தெந்த ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களெல்லாம் என் காலில் விழுந்தார்கள் என்று எனக்கே கணக்கில்லை. மோதிரம் நிற்கிறதா என்று பாய் பார்த்துக்கொள்வார். நான் ஒவ்வொரு தடவையும் “நல்லாயிரும்மா” என்று மட்டும் சொல்வேன், மனதாரச் சொல்வேன். ஓய்வு பெறும் வரை சொன்னேன்.

தாவூது பாய் இப்போது இல்லை. அவருடைய மேஜை இருந்த இடத்தில்தான் அந்தத் திரை நிற்கிறது. நல்ல திரை, நிறைய காட்டட்டும். ஆனால் போட்டுப் பார்க்கிற பெண்ணுக்கு எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றால் போன் செய்யுங்கள். பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.